ட்ரான்ஸ்பர் பொக்ஸைக் கழற்றுமுன்: எது எதைத் தாங்குகிறது?



இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிலும் மீளக் குடியேறிய குடும்பங்களிலும் இரண்டு மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை வாங்கி வைத்திருப்பதைப் பல கிராமங்களில் காண்கிறோம். அவற்றுட் சில லான்ட்ரோவர் வண்டிகள். ஒரு காலத்தில் தொண்டு நிறுவனங்களும் திணைக்களங்களும் ஓட்டித் தேய்த்துப் பின்பு ஏலத்தில் விற்றவை. நெல் மூடை, மரக்கறி, தண்ணீர்த் தாங்கி, நோவு கண்ட தாய் என்று அத்தனையையும் அந்த ஒரு வண்டியே சுமக்கிறது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு அத்தடை தளர்ந்தது. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. ஆகவே பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர ஏழைக்கு வேறு வழி இருக்கவில்லை. கராஜ் தூரம், கூலியும் அதிகம். எனவே நம் இளைஞர்கள் வீட்டு முற்றத்திலேயே கியர் பொக்ஸையும் ட்ரான்ஸ்பர் பொக்ஸையும் இறக்கத் துணிகிறார்கள். துணிவு நல்லதுதான். ஆனால் இந்த வேலையில் ஒரு தவறு நடந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது. வண்டியின் கீழே படுத்திருப்பவர் நம் பிள்ளை. அதனால்தான் இந்தப் பாடம்.

1983இல் வந்த லான்ட்ரோவர் 110 வண்டியையும் அதன் வழிவந்த டிபெண்டரையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். இவற்றில் உள்ளது எல்.ரி. 230 எனப்படும் ட்ரான்ஸ்பர் பொக்ஸ். 2016இல் அந்த டிபெண்டரின் தயாரிப்பு நிற்கும்வரை இதே பொக்ஸ்தான் பூட்டப்பட்டது. வேறு வண்டி வைத்திருப்போரும் இப்பாடத்தின் அடிப்படையைத் தம் வண்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

1. இந்தப் பொக்ஸ் என்ன செய்கிறது?

எஞ்சினின் வலு கிளச்சூடாகக் கியர் பொக்ஸுக்கு வருகிறது. கியர் பொக்ஸின் பின்னால் ஒட்டினாற்போல் பூட்டப்பட்டிருப்பதே ட்ரான்ஸ்பர் பொக்ஸ். அது வலுவை இரண்டாகப் பிரித்து, ஒரு புறொப்பெல்லர் சாப்ட் மூலம் முன் சில்லுகளுக்கும் மற்றொன்றின் மூலம் பின் சில்லுகளுக்கும் அனுப்புகிறது. சேற்றிலும் மணலிலும் மெதுவாக இழுக்க வேண்டிய 'லோ' கியரும் இதற்குள்தான் இருக்கிறது.

இவை நாம் அறிந்த வேலைகள். அறியாத வேலைகள் இரண்டு உண்டு. இப்பாடத்தின் உயிர்நாடி அவைதான்.

முதலாவது: இந்தப் பொக்ஸ் தான் தொங்கவில்லை, மற்றவற்றைத் தாங்குகிறது. இதன் இரு பக்கத்திலும் உள்ள கைகள் சட்டத்தின் மீது றப்பர்களில் உட்கார்ந்திருக்கின்றன. கியர் பொக்ஸின் பின்பாரமும் எஞ்சினின் பாரத்தில் ஒரு பங்கும் அந்த இரு றப்பர்களிலேயே இறங்குகின்றன. கீழே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டத்தைப் பார்ப்பவர், அதுதான் கியர் பொக்ஸைத் தாங்குகிறது என்று எண்ணுவார். பல யப்பான் வண்டிகளில் அது உண்மை. இந்த வண்டியில் அது இரண்டு நெடுஞ்சட்டங்களையும் இணைத்துப் பிடிக்கிறது, அவ்வளவே. தாங்குவதுபோலத் தோன்றுவது தாங்கவில்லை. தாங்குவது கண்ணுக்குப் படாமல் பக்கவாட்டில் இருக்கிறது.

இரண்டாவது: ஹான்ட் பிறேக் பின் சில்லுகளில் இல்லை. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்புறத்தில் உள்ள டிறத்தில் இருக்கிறது. அது பிடிப்பது சில்லை அல்ல, பின் புறொப்பெல்லர் சாப்டை. ஆகவே ஒரு பின் சில்லை மட்டும் நிலத்தைவிட்டு உயர்த்தினால், அந்தச் சில்லு ஒரு பக்கம் சுழல, மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுழன்று வண்டி நகரும். ஹான்ட் பிறேக் இறுக்கியிருந்தும் நகரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. எங்கள் நிலையத்து வண்டியின் பின் சில்லொன்றை ஜாக்கியில் உயர்த்தியபோது, ஹான்ட் பிறேக்கை நம்பிச் சில்லுகளுக்கு அடை வைக்காமல் விட்டேன். வண்டி முன்னால் உருண்டது, ஜாக்கி சரிந்தது. கீழே நுழைவதற்காகச் சாக்கை விரித்துக் கொண்டிருந்த பையன் ஒரு நிமிடம் முந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பிழை வண்டியில் இல்லை. என்னில்தான்.

2. கழற்றத்தான் வேண்டுமா?

கோபுரம் கட்டப் போனவனின் உவமை நமக்குத் தெரியும். செலவைக் கணக்குப் பார்த்த பின்பே வேலையில் இறங்க வேண்டும். 'ட்ரான்ஸ்பர் பொக்ஸ் பழுது' என்று கழற்றப்படும் பல வண்டிகளில் பொக்ஸ் சுகமாகவே இருக்கும். பின்வருவனவற்றை முதலில் பாருங்கள்.

அ. புறப்படும்போதும் கிளச்சை விடும்போதும் 'டக்' என்ற அடி கேட்கிறதா? முதலில் புறொப்பெல்லர் சாப்ட்களின் நான்கு மூட்டுகளையும் கையால் திருகி அசைத்துப் பாருங்கள். தேய்ந்த மூட்டை மாற்றுவது சிறிய வேலை. பொக்ஸைத் தொட வேண்டியதில்லை.

ஆ. ஒயில் ஒழுகுகிறதா? எங்கிருந்து என்று பாருங்கள். முன் வாசல், பின் வாசல் ஒயில் சீல்களையும் அடிமூடியின் அடைப்பையும் பொக்ஸ் வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம். ஹான்ட் பிறேக் டிறத்துக்குள் ஒயில் இருந்தால் பெரும்பாலும் பின் வாசல் சீல்தான் குற்றவாளி.

இ. வெளியே ஒழுக்கு இல்லாமல் கியர் பொக்ஸ் ஒயில் மட்டும் குறைகிறதா? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறிய பின், ட்ரான்ஸ்பர் பொக்ஸின் மட்டம் பார்க்கும் அடைப்பைக் கழற்றுங்கள். அதிலிருந்து ஒயில் மேலதிகமாகக் கொட்டினால், இரண்டு பொக்ஸுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். 110 டீசல் வண்டிகளில் வந்த எல்.ரி. 77 கியர் பொக்ஸில் இருப்பது சிவந்த மெல்லிய ஒயில். ட்ரான்ஸ்பர் பொக்ஸில் இருப்பது தடித்த ஈ.பி. 90. நிறமும் தடிப்பும் மாறியிருந்தால் கலப்பு உறுதி. இதற்குப் பொக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஈ. கியர் விழுந்தும் வண்டி நகரவில்லையா? கியர் பொக்ஸின் பிரதான தண்டும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் முதற் பற்சில்லும் சேருமிடத்தில் உள்ள நெடுக்குப் பற்கள் தேய்ந்திருக்கலாம். பொக்ஸின் பின்புறத்து மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள். செங்கல் தூள் போன்ற துரு இருந்தால் தேய்வு தொடங்கிவிட்டது. பற்சில்லு மட்டும் தேய்ந்திருந்தால் அதைப் பின்வழியாகவே எடுத்து மாற்ற முடியும். தண்டும் தேய்ந்திருந்தால் ட்ரான்ஸ்பர் பொக்ஸை மட்டும் இறக்கிப் பயனில்லை. கியர் பொக்ஸும் இறங்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று குடும்பமாக இருந்து பேசிய பின்பே ஸ்பனரைத் தொடுங்கள்.

புதிய பற்சில்லு வாங்கப் போகிறவர் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பற்களை எண்ணி வாங்குங்கள். 110 வண்டிகளிலேயே 1.667, 1.41 என்று வேறுபட்ட விகிதங்கள் வந்துள்ளன. முன்னைய பற்சில்லுகளில் நெடுக்குப் பற்களுக்கு ஒயில் போகும் குறுக்குத் துளை இல்லை, பிந்தியவற்றில் உண்டு. துளை உள்ளதையே கேளுங்கள்.

3. இடமும் ஆட்களும்

மணல் நிலம் ஜாக்கியை விழுங்கும். சீமெந்துத் தரை அல்லது நன்றாக இறுகிய நிலமே வேண்டும். இல்லையேல் ஜாக்கிக்கும் முட்டுகளுக்கும் கீழே இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகன்ற பலகை போடுங்கள்.

வண்டியை உயர்த்தாமல் அதன் நான்கு சில்லுகளில் நிற்க விடுவதே மேல். கீழே இடம் போதாவிட்டால் நான்கு சில்லுகளையும் அகன்ற கனமான மரக்கட்டைகள் மீது ஓட்டி ஏற்றுங்கள். கட்டைகளின் இரு முனையிலும் தடுப்பு ஆணியடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து இறுக்குங்கள். புறொப்பெல்லர் சாப்ட்களைக் கழற்றிய பின்பு ஹான்ட் பிறேக்கும் பிடிக்காது, கியரில் விட்டாலும் நிற்காது. அதன்பின் உங்கள் உயிரைப் பிடித்திருப்பவை அந்த ஆப்புகள் மட்டுமே.

முட்டுக் கொடுக்கச் செங்கல்லோ சீமெந்துக் கல்லோ வேண்டாம். அவை சொல்லாமல் நொறுங்கும். பனங்குற்றியின் பெலத்தை நம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதுங்குகுழியின் மேல் எத்தனை உயிரைக் காத்த மரம் அது. இரு முனையும் மட்டமாக அறுத்த வைரமான குற்றிகள் மூன்று நான்கு எடுத்து வையுங்கள்.

ஆட்கள் மூவர் வேண்டும். இருவர் வேலை செய்ய, ஒருவர் வெளியே நின்று ஆப்புகளையும் முட்டுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியே ஒருவர் இந்த வேலையைத் தொடவே கூடாது. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு கொப்பியுடன் பக்கத்தில் இருத்துங்கள். எந்தப் போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதி, இலக்கமிட்ட சிரட்டைகளில் போட்டு வைக்கட்டும். பூட்டும்போது அந்தக் கொப்பிதான் உங்கள் மெக்கானிக்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே டீசலும் ஒயிலும் கலந்து பூசி விடுங்கள்.

4. கழற்றும் ஒழுங்கு

1) பற்றரியின் கம்பியைக் கழற்றுங்கள்.

2) வண்டிக்குள் நடுப்பெட்டி, பாய், கியர் தடிகளின் குமிழ்கள், நடு மேட்டு மூடி, தரைத் தகடுகள் ஆகியவற்றை எடுங்கள். இப்போது மேலிருந்து பொக்ஸ் தெரியும்.

3) ட்ரான்ஸ்பர் பொக்ஸின் ஒயிலை வடியுங்கள். ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று லீற்றர் வரும். வடியும் அடைப்பைத் திறக்குமுன் நிரப்பும் அடைப்பைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். இறுகிக்கிடக்கும் அடைப்பு பிறகு ஒயில் ஊற்றவிடாது. இடைச்சீலை மாற்றுவதானால் கியர் பொக்ஸ் ஒயிலையும் வடியுங்கள்.

4) இரு புறொப்பெல்லர் சாப்ட்களும் பொக்ஸுடன் சேருமிடங்களில் வெள்ளைப் பூச்சால் கோடு இடுங்கள். பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும்; இல்லையேல் வண்டி உதறும். ஒவ்வொரு முனையிலும் நான்கு போல்ட்கள். 9/16 அங்குல ஸ்பனர் பொருந்தும். மில்லிமீற்றர் ஸ்பனரால் முயன்று மூலைகளை மழுங்கச் செய்யாதீர்கள்.

5) ஹான்ட் பிறேக் கேபிள், வேகமானியின் கேபிள், மேலே உள்ள மூச்சுக் குழாய், மைய டிப்ரன்சியல் பூட்டின் விளக்குக்குப் போகும் கம்பிகள், 'ஹை–லோ' தடியின் இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். ஒன்று மறந்துபோனாலும் பொக்ஸ் இறங்கும்போது அறுந்துபோகும்.

6) புகைக்குழாயின் முன்பகுதி தடுத்தால் அதையும், இரு நெடுஞ்சட்டங்களுக்கும் இடையிலுள்ள குறுக்குச் சட்டத்தையும் எடுங்கள். குறுக்குச் சட்டம் இறுகியிருந்தால் சுத்தியலால் பலமாக அடிக்காமல், நெடுஞ்சட்டங்களை ஜாக்கியால் சற்றே விரித்து இறக்குங்கள்.

5. பாரத்தை மாற்றுதல்

இனித்தான் மிகக் கவனமான கட்டம். பக்கக் கைகளின் போல்ட்களில் கைவைக்குமுன் நில்லுங்கள். கியர் பொக்ஸின் பாரத்தை இனி யார் தாங்குவது?

கிளச் கூண்டின் பின்னால், கியர் பொக்ஸின் தடித்த உடலின் கீழே, ஒரு பலகை வைத்து ஒரு பனங்குற்றியை ஆப்பிட்டு இறுக்குங்கள். எஞ்சினின் ஒயில் தொட்டி மெல்லிய தகடு. அதில் முட்டுக் கொடுக்க வேண்டாம். முட்டை இரு கையாலும் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மீண்டும் இறுக்குங்கள். இந்த முட்டு, வேலை முடியும்வரை அப்படியே நிற்க வேண்டும். இது இல்லாமல் பக்கக் கைகளைக் கழற்றினால் கியர் பொக்ஸ் கீழே சாயும், எஞ்சின் பின்னால் சரியும். கீழே இருப்பவர் விலக நேரம் இராது.

அடுத்து ட்ரான்ஸ்பர் பொக்ஸையே தாங்க ஒழுங்கு செய்யுங்கள். இதன் பாரம் ஏறத்தாழ 50 கிலோ, ஒரு சீமெந்துப் பை அளவு. ஆனால் சீமெந்துப் பைபோல் அணைத்துப் பிடிக்க முடியாது; ஒரு பக்கம் கனத்தது, ஒயில் வழுக்கும். கீழே ஜாக்கியின் மேல் தடித்த பலகை வைத்துத் தாங்குங்கள். மேலே இரு கதவுகளுக்கூடாக ஒரு பாலை அல்லது முதிரை மரத்தைக் குறுக்கே போட்டு, அதன் முனைகளை வண்டிக்கு வெளியே உறுதியான முட்டுகளில் நிறுத்தி, சங்கிலியால் பொக்ஸைக் கட்டுங்கள். ஜாக்கி சரிந்தாலும் சங்கிலி பிடிக்கும். உயிரைக் காக்க ஒரு தாங்கல் போதாது, இரண்டு வேண்டும்.

இவ்வளவும் சரியான பின்பே பக்கக் கைகளைக் கழற்றுங்கள்.

6. பிரிக்கும் நேரம்

இரண்டு பொக்ஸும் சேரும் முகத்தைச் சுற்றிவரக் கையால் தடவி, எத்தனை போல்ட், எத்தனை நட் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். மேலே ஒன்று கண்ணுக்கு ஒளித்திருக்கும். அந்த ஒன்றை மறந்துவிட்டு இழுத்தும் நெம்பியும் பொக்ஸின் காதை உடைத்தவர்கள் பலர். உடல் அலுமினியம், ஒட்டுவது கடினம்.

முதலில் எதிரெதிரான இரண்டு போல்ட்களைக் கழற்றி, அவ்விடத்தில் தலையறுத்த நீண்ட போல்ட்களைத் திருகுங்கள். இவை வழிகாட்டிகள். பிறகு மற்றவற்றைக் கழற்றுங்கள். பொக்ஸை நேர் பின்னாகவே இழுக்க வேண்டும். மேலோ கீழோ சாய்ந்தால் அதன் பாரம் முழுவதும் பிரதான தண்டில் தொங்கிச் சீலையும் பற்களையும் கெடுக்கும். வராவிட்டால் ஜாக்கியைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ மட்டம் பாருங்கள். இரு முகங்களுக்கும் இடையில் உளியைச் செருகி நெம்பாதீர்கள். அந்தக் கீறலால் பிறகு ஆயுள் முழுவதும் ஒயில் ஒழுகும்.

தண்டைவிட்டு விலகியதும் ஒருவர் சங்கிலியை விட, மற்றவர் ஜாக்கியை இறக்க, ஒரே ஆளின் சொல்லுக்கு இருவரும் கேட்டு மெதுவாக இறக்குங்கள். தரையில் சாக்கின்மேல் வைத்துப் பக்கவாட்டில் இழுத்தெடுங்கள். பொக்ஸின் கீழே எவருடைய காலும் கையும் இருக்கக் கூடாது. கியர் பொக்ஸின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். நம் மணல் ஒரு பிடி உள்ளே போனால் செய்த வேலை அத்தனையும் வீண்.

7. ஒயிலும் கிணறும்

வடித்த ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் நிற்கிறது. மேலே ஊற்றியது கீழே போய்ச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி மக்கள் 2015இல் எழுப்பிய குரல் நினைவிருக்கும். மணற்பாங்கான நிலத்திலும் நிலைமை வேறல்ல. ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜிடம் கொடுங்கள்.

8. திரும்பப் பூட்டுதல்

இரு முகங்களையும் சுத்தம் செய்து, புதிய சீலின் உதட்டில் சிறிது ஒயில் தடவி, வழிகாட்டிப் போல்ட்களில் பொக்ஸை ஏற்றுங்கள். பற்கள் பொருந்தாவிட்டால் பின் டிறத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள், தானே உட்காரும். போல்ட்களை இறுக்கி இரு முகங்களையும் சேர்க்க முயல வேண்டாம். பக்கக் கைகளைப் பூட்டி இறுக்கிய பின்பே கியர் பொக்ஸின் முட்டை எடுங்கள். புறொப்பெல்லர் சாப்ட்களுக்குப் புதிய பூட்டு நட்டுகள் போடுங்கள். அதில் சில நூறு ரூபா மிச்சம் பிடிப்பது மிச்சமல்ல.

மட்டத் துளையால் வழியும்வரை ஒயில் ஊற்றுங்கள். ஆப்புகளை எடுக்குமுன் ஹான்ட் பிறேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் பாரமில்லாமல், மெதுவாக, ஊருக்குள். ஒரு நாள் ஓடிய பின் எல்லாப் போல்ட்களையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். சிரட்டையில் ஒரு போல்ட் மிஞ்சியிருந்தால் அதன் இடம் தெரியும்வரை வண்டி வீதிக்கு ஏற வேண்டாம்.

ஓர் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டபோதுதான் நமக்கும் சில காரியங்கள் தெரியவந்தன: ஊரில் எந்தக் கிணறு எத்தனை வீட்டைத் தாங்கியது, எந்த முதியவரின் சொல் எத்தனை பிணக்கைத் தடுத்தது என்று. அன்று முட்டுக் கொடுக்க நமக்கு நேரம் தரப்படவில்லை. வண்டிக்கு நாம் அந்த நேரத்தைக் கொடுக்கலாம். எதையும் கழற்றுமுன் அது எதைத் தாங்குகிறது என்று கேட்டு, அந்தப் பாரத்துக்கு வேறொரு தாங்கலை வைத்துவிட்டுக் கழற்றுவோம்.

கலந்துரையாடலுக்கு

1. நம் கிராமத்தில் வாகனம், உழவு இயந்திரம் திருத்தும்போது நேர்ந்த விபத்துகள் எவை? எந்தத் தாங்கல் இல்லாததால் அவை நேர்ந்தன?

2. நல்ல ஜாக்கி, சங்கிலி, ஸ்பனர் தொகுதி ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்குவதா, சங்கமாக வாங்கி முறையாகப் பாவிப்பதா நல்லது? அவற்றை யார் பொறுப்பில் வைப்பது?

3. பழைய ஒயிலைச் சேர்க்க ஊருக்கு ஒரு பொதுக் கான் வைக்க முடியுமா?